அறுந்த சரமும் அறுபத்து மூன்று மணிகளும்

பாட்டியின் பவளச் சரம் அறுந்தபோது கண்ணைவிடக் காதுக்குத்தான் முதலில் ஏதோ இடித்தது. மணிகள் தரையில் கொட்டின. சில ‘ணங்’கென்று துள்ளி ஓடின. சில ‘டொக்’கென்று விழுந்து இரண்டு உருளலோடு நின்றுவிட்டன. இன்னும் சில விழுந்த சத்தமே இல்லை. கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த தங்கை தலையைத் தூக்கிச் சொன்னாள்: “அக்கா, எல்லாம் ஒரே மாதிரி விழலையே.”

பொறுக்கி எண்ணினால் 63 மணிகள். சரத்தை இரண்டாக்கி ஆளுக்கொரு மாலையாகக் கோர்த்துக்கொள்வதுதான் எங்கள் திட்டம். இது புதிதாக அறுந்த சரம் இல்லை. பாட்டி காலத்தில் ஒரு முறை, அம்மா காலத்தில் இரண்டு முறை என்று எங்களுக்குத் தெரிந்தே மூன்று முறை அறுந்து மறுபடி கோர்த்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மணி எங்கேயாவது உருண்டு போயிருக்கும். கோர்த்தவர் கைக்குக் கிடைத்த சிவப்பு மணியைப் போட்டு இடத்தை நிரப்பியிருப்பார். யாரும் யாரையும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ‘ஆளுக்குப் பாதி’ என்றால் எதில் பாதி என்ற கேள்வி வந்துவிட்டது.

அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு நல்ல மணியைக் கெடுத்தேன், ஒரு போலியைக் கரைத்தேன், அசலைப் போலி என்றும் போலியை அசல் என்றும் ஒரு தடவையாவது சாதித்தேன். இனி வருவதெல்லாம் அப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றது.

முதல் நாளே உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஒவ்வொரு மணியையும் தனித்தனிச் சிறு ஜிப் கவரில் போட்டு 1 முதல் 63 வரை எண் எழுதியது. சரமாக இருக்கும்போது கண் மொத்தச் சிவப்பைத்தான் பார்க்கும். பிரித்துப் போட்டால்தான் ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டும்.

பவளம் என்ன பொருள் என்று தெரியாமல் சோதனைக்குள் இறங்கினால் எதைத் தேடுகிறோம் என்பதே தெரியாது. நானும் நெடுநாள் அதை ஒரு கல் என்றுதான் நினைத்திருந்தேன். ‘கொடிப்பவளம்’ என்ற நம் பழைய சொல்லைக் கேட்டால் செடி என்று தோன்றும். 1706-இல் மார்சிலி என்ற இத்தாலிய அறிஞர் கடல்நீரில் வைத்த பவளக் கிளையில் எட்டு இதழ் வெள்ளைப் பூக்கள் விரிவதைப் பார்த்துவிட்டு அது செடிதான் என்று முடிவுகட்டினார். அவை பூக்கள் இல்லை, சிறு பிராணிகள் என்று 1720-களில் பெய்சொன்னல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துச் சொன்னார், அப்போது நம்பியவர்கள் குறைவு. அந்தப் பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, நடுவில் தங்களுக்கென்று கட்டிக்கொள்ளும் கெட்டியான எலும்புத் தண்டுதான் நாம் அணியும் பவளம். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், கூடவே கொஞ்சம் மெக்னீசியம், கொஞ்சம் உயிர்ப்பொருள். சிவப்பு நிறம் அதன் உடம்போடு சேர்ந்தே வளர்கிறது. கேரட்டுக்கு நிறம் தருவதற்கு உறவான ஒரு நிறமி அது.

மத்தியதரைக் கடலின் செம்பவளத் தண்டு ஆண்டுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான் பருக்கும். அப்படியானால் எட்டு மில்லிமீட்டர் மணி ஒன்றுக்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். மரம் மாதிரி அடுக்கடுக்காக வளர்ந்த பொருளாகையால் வளர்ந்த தடம் அதற்குள் இருந்தே தீரும். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மற்ற சோதனைகள் எதற்கு என்பது தானாகப் புரியும்.

சத்தமே போடாத மணிகளைப் பிரிப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மணியை எடுத்து மேலுதட்டில் வைத்துப் பார்த்தேன். பவளமும் கண்ணாடியும் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் இருக்காது. கையில் குலுக்கினால் கனமும் இல்லை. நான்கு மணிகள் அப்படி. அவற்றில் இரண்டில் நடுவயிற்றைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு மேடு, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். அசிட்டோன் தொட்டால் சாயம் போகும் என்று எங்கேயோ படித்திருந்ததால், அந்த நான்கில் ஒன்றின் மேல் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்த பஞ்சை வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பஞ்சு மணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தால் மணியின் தோல் இழுபட்டு வந்தது. போலிதானே என்று விட்டாலும், இதையே செல்லுலாய்ட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்கில் செய்த பழைய மணி ஒன்றில் செய்திருந்தால் ஒரு நல்ல பழம்பொருளை அழித்திருப்பேன்.

துள்ளி ஓடியவை கண்ணாடி. ஒன்பது மணிகள். டார்ச்சைப் பின்னால் பிடித்து லென்ஸில் பார்த்தால் உள்ளே வட்டமான காற்றுக் குமிழ்கள் தெரிந்தன. எல்லாவற்றிலும் இல்லை, ஐந்தில் மட்டும். மற்ற நான்கைக் காட்டிக்கொடுத்தது துளை வாய். கண்ணாடி சிதறினால் உடைந்த இடம் வழுவழுப்பாக, சிப்பியின் உட்புறம் போல வளைந்து பளபளக்கும். பவளம் உடைந்தால் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். இன்னொன்றும் கவனித்தேன். பல பவள மணிகளில் துளையைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் பவளம் 3-இலிருந்து 4-க்குள், கண்ணாடி அதைவிட மேலே. பக்கத்தில் கோர்த்திருந்த கண்ணாடி மணி பல்லாண்டுகளாக உரசி இதைத் தின்றிருக்கிறது. சரத்தில் ஒரு போலி மணி இருந்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, பக்கத்து அசலும் தேய்கிறது.

அடுத்தது நான் செய்த பாவம். ‘அமிலம் பட்டால் நுரைத்தால் அசல் பவளம்’ என்பது எல்லோரும் சொல்லும் சோதனை. 12-ஆம் எண் மணியில் வினிகர் ஒரு சொட்டு வைத்தேன். நுரைத்தது. துள்ளிக் குதித்தேன். துடைத்துப் பார்த்தபோது சொட்டு இருந்த இடத்தில் மெருகு போய், மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக ஒரு வட்டம். தேய்த்தும் போகவில்லை. அந்த வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. இதைவிட வருத்தம், அந்தச் சோதனை எனக்கு உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை என்பது. கால்சியம் கார்பனேட் எதுவானாலும் அமிலத்தில் நுரைக்கும். சிப்பி நுரைக்கும், சங்கு நுரைக்கும், சலவைக்கல் நுரைக்கும், சாயம் போட்ட மட்டரகப் பவளமும் நுரைக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இல்லை என்பது மட்டுமே அதில் தெரியும். அதைத்தான் உதடும் லென்ஸும் ஏற்கெனவே சொல்லிவிட்டனவே!

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். பிளாஸ்டிக் உருகி நாறும், சரி. அதைத் தெரிந்துகொள்ள நகையில் ஓட்டை போட வேண்டியதில்லை. பாலில் போட்டு வைத்தால் அசல் பவளம் பாலைச் சிவக்க வைக்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு வரும். உடம்போடு வளர்ந்த நிறம் எப்படிப் பாலில் இறங்கும்? பால் சிவந்தால் இறங்கியது சாயம். அந்தச் சோதனை போலிக்குத்தான் சான்றிதழ் கொடுக்கிறது.

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் போக என்னிடம் 50 மணிகள் மிஞ்சின. இனிமேல்தான் கஷ்டம்.

ரத்தினவியல் படித்த தோழி ஒருத்தி தன் பத்து மடங்கு லென்ஸை இரவல் கொடுத்தாள். முதல் வாரம் முழுக்க எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை. சிவப்பு, பெரிய சிவப்பு, அவ்வளவுதான். பிறகு பார்க்கும் விதத்தை அவளே காட்டினாள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மணியை அதன் அருகே கொண்டுவர வேண்டும். வெளிச்சம் நேராக விழக்கூடாது. டார்ச்சைத் தாழ்த்தி, பக்கவாட்டில் மணியை வருடிக்கொண்டு போகிற மாதிரி ஒளி விழ வேண்டும். பிறகு மணியை மெல்லச் சுழற்ற வேண்டும். நான் சுழற்றினேன். மூன்றாவது சுற்றில் பட்டென்று தெரிந்தது. சிவப்புக்குள் சிவப்பாக, சற்று அடர்த்தியும் வெளிறலுமாக மாறி மாறி ஓடும் இணைகோடுகள், சீப்பால் வாரிவிட்டது போல. ஒரு முறை கண் பழகிவிட்டால் பிறகு அவற்றைப் பார்க்காமல் இருக்கவே முடியாது.

கோடு இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோடு மணிக்குள் எப்படித் திரும்புகிறது என்பதுதான் முக்கியம். கிளையின் நீளவாக்கில் பார்த்தால் கோடுகள் நேராக ஓடும். அதற்குச் செங்குத்தான முகத்தில் அவையே ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகும், வெட்டிய மரத்தின் அடியில் தெரிவது போல. உருண்டை மணியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டும் வர வேண்டும். கோடு பதித்த அச்சுப் போலிகளில் மேலோட்டமாகக் கோடு இருக்கும், ஆனால் அது எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி ஓடும் அல்லது திடீரென்று நின்றுபோகும். கோடே இல்லாமல், ஒரே சீராக, நெருங்கிப் பார்த்தால் பொடி அழுத்தியது போல மணல்மணலாக இருந்தால் அது செய்பொருள். பவளத் தூளைப் பிசினில் குழைத்து அழுத்தியதாக இருக்கலாம். சுண்ணாம்புப் பொருளில் நிறம் சேர்த்துச் செய்த, கில்சன் என்ற செயற்கை வகையாகவும் இருக்கலாம். தூள் என்னவோ பவளம்தான் என்று விற்பவர் வாதாடுவார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைத் தேக்கு என்று விற்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்தப் பாடத்தின் பலத்தில் இரண்டு மணிகள் சீக்கிரமே பிரிந்தன. வெளிச்சத்தைப் பின்னால் வைத்தபோது அவற்றில் வளையம் இல்லை. வெங்காயச் சருகு போல ஒரே திசையில் படிந்த தட்டை அடுக்குகள். சாயம் ஏற்றிய சிப்பி. ஆக, மிச்சம் 48.

இந்த 48-ஐ நான் இரண்டு குவியலாக்கினேன். துளைக்குள் வெள்ளை தெரிந்தவை ஒரு பக்கம், தெரியாதவை இன்னொரு பக்கம். ‘சாயம் மேலே மட்டும்தான் பிடித்திருக்கும், உள்ளே வெள்ளையாக இருக்கும்’ என்று படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டேன். வெள்ளை தெரிந்தவை ஏழு. அந்த ஏழையும் தங்கையிடம் காட்டி இவை போலி என்றேன். அவள் அதில் 28-ஆம் எண்ணை எடுத்து, “இதுதானே இருக்கறதுலயே அழகா இருக்கு?” என்றாள். அழகுக்கும் அசலுக்கும் சம்பந்தமில்லை என்று பெரிதாகப் பேசினேன். எனக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

தோழி வந்து இரண்டு குவியலையும் கலைத்துவிட்டாள்.

சந்தையில் இன்று மிக அதிகமாக ஏமாற்றுவது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லை என்றாள். மூங்கில் பவளம் என்று ஒன்று இருக்கிறது. கடலில் அதன் தண்டு மூங்கில் போலக் கணுக்கணுவாக இருக்கும், கணுக்கள் கருப்பு, நடுத்துண்டுகள் வெளிறிய வெள்ளை அல்லது பழுப்பு. அந்தத் துண்டுகளை வெட்டி, சாயம் ஏற்றி, பிசின் பூசி மெருகேற்றினால் சிவப்புப் பவளம் தயார். அதுவும் பவளம்தான் என்பதால் சில்லென்று இருக்கும், கனக்கும், அமிலத்தில் நுரைக்கும், கோடும் இருக்கும். இதற்குப் பெயர் ‘நேச்சுரல் கோரல்’ என்று யாராவது எழுதிக்கொடுத்தால் அதில் பொய்யும் இல்லை. பொய் நிறத்தில் இருக்கிறது.

“நீ வெள்ளை இருக்கா இல்லையான்னு பாக்கற. நிறம் எது வழியாப் போயிருக்குன்னு பாரு,” என்றாள். இந்த நான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஒரே வாக்கியம் இதுதான்.

சாயம் ஒரு திரவம். திரவம் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே புகுந்து தேங்கும். விரிசல், நுண்துளை, துளை வாய், கோடுகளின் பள்ளம், எல்லா இடத்திலும் அடர்த்தியாக நிற்கும். கெட்டியான பகுதியில் வெளிறும். இயற்கை நிறம் அப்படி இல்லை. அது வளர்ந்த வழியே போகும். வளையத்தோடு வளையமாக, கோட்டோடு கோடாக இருக்கும். குறுக்கே ஒரு விரிசல் ஓடினால் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. விரிசலின் இரண்டு பக்கமும் ஒரே நிறம்தான்.

இப்போது 40-ஆம் எண்ணைப் பார்த்தேன். வெள்ளையே தெரியாததால் அசல் குவியலில் நான் போட்டு வைத்த மணி. லென்ஸில் அதன் இடுப்பில் ஒரு விரிசல், அதற்குள் மட்டும் கருஞ்சிவப்புக் கோடாக நிறம் தேங்கி நின்றது. துளை வாயைச் சுற்றியும் அப்படியே ஒரு கரை. கோடுகளின் இடைவெளியும் அகலம். செம்பவளத்தில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரைதான் இருக்கும், மூங்கில் பவளத்தில் அதைவிட நன்றாக விலகியிருக்கும். பக்கத்தில் ஒரு நல்ல மணியை வைத்துப் பார்த்தால் நெருக்கிய பாவும் தளர்ந்த பாவும் போல வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. துளை முழுக்கச் சாயம் ஊறியிருந்ததால்தான் வெள்ளை தெரியவில்லை. துளை போட்ட பிறகு சாயம் ஏற்றினால் அப்படித்தானே இருக்கும். அந்தச் சாதாரண விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

28-ஆம் எண் நேரெதிர். மேலெல்லாம் ஆழ்ந்த, லேசாக ஒளி ஊடுருவும் கருஞ்சிவப்பு. துளையில் வெள்ளை. ஆனால் அந்த வெள்ளை கிளையின் அச்சோடு ஒழுங்காக ஓடியது, விரிசல் எதையும் பின்பற்றவில்லை. ஜப்பான் கடற்பகுதியில் கிடைக்கும் ‘அகா’ வகைப் பவளத்தில் நடுவே இப்படி வெள்ளைத் தண்டு இருப்பது இயல்பு. நகை செய்கிறவர்கள் அந்த வெள்ளையைப் பின்பக்கத்தில் மறைய வைத்துக் கடைவார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தில் பெரும்பாலும் இப்படி வராது. ஏதோ ஒரு மறுகோர்வையில் பாட்டியின் சரத்துக்குள் ஜப்பான் கடல் மணி ஒன்று புகுந்திருக்கிறது. ஆக, நான் போலி என்று ஒதுக்கியது சரத்திலேயே உயர்ந்த மணியாகக்கூட இருக்கலாம். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் சிரித்தாள், அது இன்னும் மோசம்.

ஆரஞ்சு சாயலில் இருந்த ஐந்தாறு மணிகளையும் நாங்கள் சந்தேகப்பட்டிருந்தோம். அதற்கும் காரணமில்லை. சிசிலித் தீவின் சாக்கா கரைக்கு அப்பால் 1875-க்கும் 1880-க்கும் இடையே, கடலடியில் குவிந்து கிடந்த மாபெரும் பவளப் படிவுகளைக் கண்டுபிடித்தார்கள். உயிரோடிருந்த பவளம் இல்லை அது, பழங்காலத்தில் முறிந்து சேற்றில் புதைந்தது. ஆரஞ்சும் சால்மன் நிறமுமாக இருக்கும். நேப்பிள்ஸ் அருகே உள்ள டோரே டெல் கிரேகோ ஊர் இன்றைக்கும் பவளக் கடைசலுக்குப் பேர்போனது, அங்கே 1805-இலிருந்தே பட்டறைகள் உண்டு. அந்தப் பட்டறைகளுக்கும் சாக்கா பவளம் ஏராளமாக வந்தது. எங்கள் ஆரஞ்சு மணிகள் அங்கிருந்து வந்தவையா என்று நான் சாதிக்க மாட்டேன். ஆரஞ்சு என்பதற்காகத் தள்ளக்கூடாது, அவ்வளவே. வெளிர் ரோஜா, சிவப்பு, காளைக்குருதிச் சிவப்பு என்று பவளத்துக்கு நிறங்கள் பல. எல்லாவற்றையும்விட என்னை இப்போது சந்தேகப்பட வைப்பது, சரம் முழுக்க ஒரே சிவப்பாக, ஒரே பருமனாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் வரும் பெரிய மணிகள். இத்தனை மெதுவாக வளரும் ஒரு பொருளில் அத்தனை ஒழுங்கு கிடைப்பது அபூர்வம்.

தோழி போன பிறகு அசிட்டோனை மறுபடி எடுத்தேன், இந்த முறை ஒழுங்காக. பஞ்சு சுற்றிய குச்சியில் கொஞ்சமாக நனைத்து, துளைக்குள் விட்டு ஒரு திருகு திருகி வெளியே எடுப்பது. சந்தேகத்திலிருந்த மூங்கில் மணிகளில் மூன்று பஞ்சை ரோஜா நிறமாக்கின. மற்றவை ஒன்றும் விடவில்லை, காரணம் மேலே பிசின் பூச்சு. பஞ்சு சிவந்தால் சாயம் நிச்சயம், சிவக்காவிட்டால் சாயம் இல்லை என்று சொல்ல முடியாது. கடையில் வாங்கும்போது இதைச் செய்யக் கேட்டால் விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு சோதனைதான். ஆனால் அவர் அனுமதி இல்லாமல் அவர் பொருளில் அசிட்டோன் வைப்பது அநியாயம்.

எடைச் சோதனையும் செய்து பார்த்தேன், ஆர்வக்கோளாறு. 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, மணிகளை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுவது மணிகள் ஒதுக்கிய தண்ணீரின் எடை. வெளியில் நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. ஒரே மணியில் செய்தால் கணக்கு ஆடும், எட்டு மில்லிமீட்டர் மணி மொத்தமே முக்கால் கிராம்கூட வராது. அதனால் சந்தேகமில்லாத பத்து மணிகளைச் சேர்த்து நிறுத்தேன்: 7.12 கிராம், தண்ணீரில் 2.69. வகுத்தால் 2.65, பவளத்துக்குச் சொல்லப்படும் 2.6 முதல் 2.7 வரைக்குள் கச்சிதமாக. கண்ணாடி ஒன்பதும் 2.5-ஐ ஒட்டி வந்தன. பக்கத்து எண்தான், துளைக்குள் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டாலே இரண்டும் குழம்பிவிடும். தண்ணீருக்குள் மணிகளைத் தூரிகையால் ஒரு முறை தடவிக் குமிழை விரட்ட வேண்டும். மூங்கில் மணிகளும் 2.6-ஐ ஒட்டியே நின்றன. ஆக, எடை பிளாஸ்டிக்கைக் காட்டிக்கொடுக்கும், சாயத்தைக் காட்டிக்கொடுக்காது. உழைத்த அளவுக்குக் கூலி இல்லாத சோதனை. விளையாட்டாகச் செய்யலாம்.

கடைசியில் மூன்று மணிகளை ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். 28, 40, பிறகு தோழியே தலையைச் சொறிந்த 51. அங்கே ராமன் நிறமாலை என்ற சோதனை செய்கிறார்கள். லேசர் ஒளியை மணி மேல் விட்டு, சிதறி வருவதைப் படிப்பது. பவளத்தின் இயற்கை நிறமி அதில் தன் முத்திரையை அழுத்தமாகப் பதிக்கும், சாயத்தில் அந்த முத்திரை வராது. கீறலும் இல்லை, சேதமும் இல்லை. வினிகர் வட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

28 இயற்கை நிறப் பவளம். 40 சாயமிட்ட மூங்கில் பவளம். 51-க்கு வந்த பதில் நாங்கள் எதிர்பாராதது: பவளம் அசல், நிறம் அசல், ஆனால் மேலிருந்த குழிகள் பிசினால் நிரப்பப்பட்டவை. கடலிலேயே பிற பிராணிகள் பவளத்தைத் துளைப்பதுண்டு. அந்தப் பூச்சிக்குழிகளை யாரோ அடைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். அதனால்தான் கோடு ஓடி ஓடி நடுவில் வழுக்கைத் திட்டாகக் காணாமல் போயிருந்தது. பவளமா, நிறம் இயற்கையா, ஏதாவது நிரப்பியிருக்கிறதா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ‘அசலா?’ என்று ஒரே கேள்வி கேட்டால் விற்பவர் தனக்கு வசதியான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

சான்றிதழ் இருக்கிறது என்று காட்டினாலும் அதில் ‘பவளம்’ என்பதோடு வாக்கியம் முடிகிறதா, நிறத்தைப் பற்றியும் பதப்படுத்தலைப் பற்றியும் தனி வரி இருக்கிறதா என்று படிக்க வேண்டும். எல்லைகள் தாண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. கருப்புப் பவளம், நீலப் பவளம், பாறை அமைக்கும் வெள்ளைப் பவளங்கள் எல்லாம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. அகா உள்ளிட்ட நான்கு இனங்களைச் சீனா 2008-இல் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. மத்தியதரைக் கடல் செம்பவளத்தைச் சேர்க்க 2007-இலும் 2010-இலும் முயன்றார்கள், தேறவில்லை. எந்தப் பவளம் என்று பெயரோடு கேட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு முடிந்தது இப்படி: பிளாஸ்டிக் 4, கண்ணாடி 9, சிப்பி 2, சாயமிட்ட மூங்கில் பவளம் 7, பவளம் 41. நான் முதலில் ஒதுக்கிய வெள்ளைத் துளை மணிகளும் ஏழு, கடைசியில் தேறிய மூங்கில் மணிகளும் ஏழு. எண்ணிக்கை மட்டும்தான் ஒத்துப்போனது, மணிகள் வேறு.

41 ஒற்றைப்படை. தங்கைக்கு 20, எனக்கு 20, நடுவில் 28-ஆம் எண். “நீதானே அதைப் போலின்னு தூக்கிப் போட்ட, அப்ப எனக்குத்தான்,” என்று எடுத்துக்கொண்டாள். எதிர்வாதம் எதுவும் என்னிடம் இல்லை. புதிதாகக் கோர்க்கும்போது ஒவ்வொரு மணிக்கும் இடையே நூலில் முடிச்சுப் போடச் சொன்னோம். மணியோடு மணி உரசாது, அறுந்தாலும் ஒன்றுதான் விழும். வியர்வையும் வாசனைத் திரவியமும் பவளத்தின் மெருகைத் தின்னும் என்பதால் கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து வைக்கிறேன்.

12-ஆம் எண் என் பங்கில் வந்தது. கொக்கிக்குப் பக்கத்தில், பிடரியில் படும் இடத்தில் கோர்க்கச் சொன்னேன். மங்கிய வட்டம் கழுத்துப் பக்கம் திரும்பியிருக்கும். போலி மணிகள் இருபத்திரண்டையும் தூக்கிப் போட மனமில்லை, பாட்டியும் அம்மாவும் கழுத்தில் போட்டிருந்தவைதானே. தங்கை மகள் அவற்றை வாங்கி, எண் எழுதிய கவர்களோடு ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள். போன வாரம் லென்ஸை என்னிடமிருந்து கேட்டு வாங்கிப் போனாள். 40-ஆம் எண்ணில் விரிசல் தெரியவில்லை என்று போன் செய்தாள். டார்ச்சைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன்.